குழாய்ப் புகாரில் தொங்கிய கிளை

ஜாக்கி ராடு ஒரு மனிதனின் முகத்தில் இறங்கிய ஓசை முதல் மாடி ஜன்னல் வரை கேட்டது. நனைந்த கோணிச்சாக்கைத் தரையில் அறைந்தாற்போன்ற மந்தமான ஓசை. அதைத் தொடர்ந்து அலறல் எதுவும் எழவில்லை. அந்த அமைதிதான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே, கடலை ஒட்டிய சாலையில் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டின் அலுவலகத்தில் நான் அப்போது பணியிலிருந்தேன். காலை வெயில் ஏறத் தொடங்கிய நேரம். கேட்டுக்கு எதிரே டிரெய்லர் வண்டிகளின் வரிசை வழக்கம்போல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றது. ஒரே ஒரு வண்டி மட்டும் வரிசையை விட்டு விலகி, எதிர்த்தடத்தின் வழியாக முன்னேறி வந்து, கேட்டருகே குறுக்காக மறிக்கப்பட்டு நின்றது. அதன் ஓட்டுநரைச் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளியிருந்தார்கள்.

நான் ஓடினேன். என் வயதுக்கு அது மிகைச்சொல்தான். எனினும் படிகளில் நான் நடக்கவில்லை.

கீழே சென்றபோது ஒருவன் அந்த ஓட்டுநரின் விலாவில் மிதித்துக்கொண்டிருந்தான். "நேத்துலேருந்து நாங்கல்லாம் இங்க இன்னாத்துக்குடா காஞ்சிகினு கீறோம்? நீ பாட்டுக்கு ராஜா மாரி முன்னால பூந்துகினு போற?"

"போர்டுல என் நம்பரு வந்துச்சு மாமு. மெய்யாலுமே வந்துச்சு."

"போர்டு உன் மச்சானா? கூப்டு விருந்து வெக்குதா?"

விழுந்து கிடந்தவன் எம்.கே.பி. நகரைச் சேர்ந்தவன். அதிகம் பேசாத மனிதன். என் பேச்சுக்கு ஓரளவு காதுகொடுப்பவன் ஒருவன் அக்கூட்டத்தில் இருந்தான் என்றால் அது ஓட்டுநர் சங்கத்தின் தலைவன்தான். புளியந்தோப்புக்காரன், அகன்ற தோள்கள், எவரிடமும் கைநீட்டாதவன் என்று பெயர் பெற்றவன். ராடு அவன் கையில்தான் இருந்தது. அதன் நுனி ஈரமாக இருந்தது.

"பெர்சு, நீ மேல போ" என்றான் என்னைப் பார்த்து. "இது டிரைவருங்க மேட்டரு."

"நானும் டிரைவர்தான்பா."

"அது போன ஜென்மம்" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். சிலர் சிரித்தார்கள்.

விழுந்து கிடந்தவன்மேல் நான் குனிந்தபோது யாருடைய முழங்கையோ என் வாயில் இடித்தது. என் செயற்கைப் பல்வரிசை வாய்க்குள்ளேயே இரண்டாக முறிந்தது. ஆகவே அன்று முழுவதும் நான் பேசிய சொற்கள் யாவும் காற்றோடு கலந்தே வெளிவந்தன. ஓட்டுநரின் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். இடது கண்ணின் இமைகளுக்கு நடுவே கண் என்று சொல்லத்தக்கது எதுவும் தென்படவில்லை. அவன் வலது கண் திறந்திருந்தது. அது கேட்டின் மேலுள்ள, வண்டிகளை எண் காட்டி அழைக்கும் மின்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து அவனை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஆட்டோவின் தரையில் குருதி தேங்கி, திருப்பத்தில் சாலையில் வழிந்தது. யார்டு நிர்வாகம் உடனே கேட்டை மூடிவிட்டது.

அந்த வரிசையை அறியாதவர்கள் இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று எளிதாகச் சொல்லிவிடக்கூடும். நானும் அதை நியாயப்படுத்த முன்வரவில்லை. ஆனால் நான் இருபக்கமும் நின்றவன். இளமையில் டிரெய்லர் ஓட்டினேன். அச்சுக்கு அடியில் துண்டை விரித்து உறங்கி, நிலக்கரித் தூசியைச் சோற்றோடு விழுங்கி, சிறுநீர் கழிக்க இறங்கினால் முன்னால் உள்ள இடைவெளியில் மற்றொருவன் மூக்கை நுழைத்துவிடுவானோ என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர்களில் ஒருவன். அங்கே கண்ணாடிகள் உடையும். காற்றுக் குழாய்கள் அறுபடும். கதவிடுக்கில் விரல்கள் நசுங்கும். என் சொந்தப் பற்கள் போனதும் அந்தச் சாலையில்தான். ஓட்டுநருக்கு அங்கே உடைமை என்று இருப்பது அவன் நிற்கும் இடம் ஒன்றே. அதைப் பறித்தவனுக்கு மன்னிப்பு இல்லை. முதுகு ஒத்துழைக்க மறுத்தபின் நான் யார்டுக்குள் வேலை பெற்றேன். நூலகத்திலும் பழைய புத்தகக் கடைகளிலும் கிடைத்தவற்றைக் கொண்டு கணினியைக் கற்றேன். மென்பொருள் அறையில் புதிய திரைகளைப் பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்லும் பணிக்கு வந்துசேர்ந்தேன்.

ஆட்டோ சென்றபின் சங்கத் தலைவன் ஒரு கேனை வரவழைத்தான். ஓட்டுநரின் வண்டியிலிருந்தே டீசலை அதில் உறிஞ்சி எடுத்தார்கள். கேனை வண்டியின் முன்சக்கரத்தருகே வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"பெர்சு, மேல போய்ச் சொல்லு. கேட் மறுபடி தொறக்கறதுக்குள்ள, இவன் நம்பரு ஏன் வந்துச்சுன்னு ஆபீஸ்காரன் எங்களுக்குச் சொல்லணும். சொல்லலன்னா இவன் உள்ள ஆள் வச்சிகினு பூந்தான்னு அர்த்தம். வண்டிய இங்கயே கொளுத்திடுவோம். அப்புறம் அவன் இந்த ரோட்டுல எந்த வண்டியும் எடுக்க மாட்டான்."

அவன் வெறும் பேச்சுக்குச் சொல்பவன் அல்லன். அந்த வண்டியோ ஓட்டுநரின் சொந்த வண்டி. அவனுக்கு வேறு எதுவும் கிடையாது.

இவ்விடத்தில் எங்கள் அறையின் தொழிலைச் சிறிது விளக்குவது என் கடமை. எந்த வண்டி எப்போது உள்ளே வரவேண்டும் என்பதை முற்காலத்தில் கேட்டில் நின்ற காவலாளி கையசைத்துத் தீர்மானித்தார். இப்போது ஒரு மென்பொருள் தீர்மானிக்கிறது. வண்டி வரிசைக்கு வந்ததும் அதன் எண் பதிவாகும். முறை வந்ததும் அந்த எண் மின்பலகையில் சிவப்பாக ஒளிரும்; அழைக்கப்பட்ட வண்டி சற்று நேரத்தில் வராவிட்டால் அடுத்த எண் ஒளிரும். இந்த மென்பொருளில் ஏதேனும் ஒன்றை மாற்ற விரும்பினால், ஓடிக்கொண்டிருக்கும் மூல நிரலில் நேராகக் கைவைக்க மாட்டார்கள். அதிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து, அந்தக் கிளையில் வேலைசெய்து, பிறகு மூலத்தோடு சேர்ப்பார்கள். கிளை என்பது என் சொல். அறையில் பிராஞ்ச் என்பார்கள்.

ஒவ்வொரு கிளைக்கும் ஒரு புகார், அறையின் பேச்சில் ஒரு டிக்கெட், இருக்கவேண்டும் என்பது விதி. இன்ன குறை, இன்னார் கேட்டது, இன்ன காரணத்துக்காக மாற்றுகிறோம் என்பதைப் புகாரில் எழுதி, அப்புகாரின் எண்ணைக் கிளையின் பெயரோடு பிணைத்துவிட வேண்டும். எண் பிணைக்கப்படாத கிளையை மூலம் ஏற்றுக்கொள்ளாது. கிளை சேர்ந்த மாத்திரத்தில் புகார் தானாகவே மூடிக்கொள்ளும். 'தீர்க்கப்பட்டது' என்று புகார் கொடுத்தவரின் கைப்பேசிக்குச் செய்தி வரும்.

விதியில் பிழையில்லை. ஆனால் கப்பல் காத்திருக்கும்போது புகார் எழுத எவருக்கும் பொறுமை இருப்பதில்லை. நான் அந்த அறைக்கு வந்த புதிதில் கழிவறைக் குழாய் ஒழுகியது. எல்லாப் புகார்களுக்கும் அதுவே இடம் என்று கருதி, 'கழிவறையில் குழாய் ஒழுகுகிறது' என்று முறைப்படி பதிந்தேன். அறை முழுவதும் சிரித்தது. வேடிக்கைக்காக அதை அழிக்காமல் வைத்திருந்தார்கள். பின்னர் அதற்கு ஒரு பயனையும் கண்டுபிடித்தார்கள். அவசரத் திருத்தம் எதுவாயினும் அந்தக் கிளையைக் குழாய்ப் புகாரில் மாட்டிவிடுவது. எண் கேட்கும் விதிக்கு ஓர் எண் கிடைத்துவிடும். "குழாயில போட்டுட்டேன்" என்பது எங்கள் அறையின் அன்றாடப் பேச்சாகவே ஆகிவிட்டது. மூடிக்கொண்ட புகாரை எவரேனும் மறுபடி திறந்துவைப்பார்கள். உண்மையான குழாயைப் பிளம்பர் எப்போதோ மாற்றிவிட்டார். என் கைப்பேசி மட்டும் குழாய் சரியாகிவிட்டதென்று ஓயாமல் அறிவித்துக்கொண்டிருந்தது.

அன்று காலையும் அறிவித்தது. தேநீரோடு ஜன்னலருகே அமர்ந்து அச்செய்தியைத் தள்ளிவிட்ட சற்று நேரத்தில்தான் ராடு இறங்கியது.

ஆகவே மாடியேறும்போதே, அவசரமாக ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கிறது என்பதை நான் அறிந்திருந்தேன். எது என்று அறியேன். அறையில் மென்பொருள் எழுதும் பெண் ஒருத்தி, இராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் தந்தை துறைமுகத்தில் வேலைபார்த்தவர். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"நான்தான் அங்கிள் போட்டேன்" என்றாள்.

"எதுல?"

"குழாயில."

ரீஃபர் எனப்படும் குளிர்பெட்டிகளை ஏற்றிய வண்டிகள் வரிசையில் காத்துநின்று, உள்ளிருக்கும் இறால் கெட்டுப்போவதாக முந்தின மாலை மேலாளர் தொலைபேசியில் அவளைக் கடிந்திருக்கிறார். ரீஃபர் வண்டிகளை முன்னால் அழைக்கும்படி அவள் காலையில் ஒரு கிளை எழுதிச் சேர்த்தாள். ஒரு வண்டி ரீஃபர் ஏற்றினால் அதன் எண்ணோடு ஓர் அடையாளம் ஒட்டிக்கொள்ளும். பெட்டியை இறக்கியபின் அந்த அடையாளம் அழியவில்லை. எம்.கே.பி. நகர் ஓட்டுநர் முந்தைய பயணத்தில் ரீஃபர் கொண்டுவந்தவன். இன்று ஏற்றியிருந்தது சாதாரணப் பெட்டி. பலகை அவனை அழைத்தது. அழைத்ததால் அவன் வந்தான்.

மேலாளர் உள்ளே வந்தார். தென்மாவட்டத்து வணிகக் குடும்பத்தவர். கோபத்திலும் குரலை உயர்த்தாதவர்.

"நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?"

"நேத்து சாயங்காலம் போன்ல சொன்னீங்க சார். அத முன்னாடி விடு, டிக்கெட்டெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம்னு."

"பொதுவாச் சொல்லிருப்பேன். இப்படிப் பண்ணுன்னா சொன்னேன்? எங்க எழுதிருக்கு, காட்டு பாப்போம்."

அவள் திரையைப் பார்த்தாள். அங்கே எழுதியிருந்தது குழாயைப் பற்றி மட்டுமே.

"முதல்ல அந்த மாத்தத்த வெளில எடுக்கச் சொல்லுங்க" என்றேன், என் பல்லில்லாச் சொற்களில்.

"ஒண்ணையும் தொடக்கூடாது அண்ணாச்சி. தொட்டா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆயிரும்?" என்றவர் அவள் பக்கம் திரும்பினார். "ஒண்ணு செய்யி. இப்ப புதுசா ஒரு டிக்கெட் போடு. டிரைவர் பதிவைத் தப்பாக் கொடுத்தார்னு தலைப்பு வையி. அந்தப் பிராஞ்சக் குழாயிலருந்து கழட்டி இதுல மாட்டிரு."

"சார், அந்த ஆளுக்குக் கண்ணு போயிடுச்சு."

"போனது வந்துருமா? கீழ வண்டிதான எரியப்போகுது, மனுசனா எரியுதான்?"

அவள் மடிக்கணினியை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். "அங்கிள், கீழ வர்றீங்களா?"

சாலையில் அதற்குள் வேறொரு போர் மூண்டிருந்தது. காசிமேட்டு மீன் சந்தையிலிருந்து ஓட்டுநரின் மனைவி வந்து இறங்கியிருந்தாள். முழங்கை வரை மீன்செதில்கள் காய்ந்து ஒட்டியிருந்தன. கையில் மீன் வெட்டும் கத்தி. வண்டியின் முன் பம்பரில் முதுகைச் சாய்த்து நின்றாள். டீசல் கேன் உதைபட்டு உருண்டு கிடந்தது. அவளை இழுக்க முயன்ற ஒருவன் முன்கையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். விரல்களின் வழியே குருதி சொட்டியது.

"கொளுத்துடா" என்றாள் சங்கத் தலைவனைப் பார்த்து. "என்னையும் சேத்துக் கொளுத்து. இன்னா பாக்கற? ராடு புடிக்கத் தெரிஞ்ச கைக்குத் தீக்குச்சி கிழிக்கத் தெரியாதா?"

"யக்கா, ஒதுங்கு. உன் வூட்டுக்காரன் உள்ள ஆள் வச்சிகினு பூந்தான்."

"அவுருக்கு உள்ள ஆளா? ரேஷன் கடையிலயே அவுர கடைசில நிக்க வெப்பானுங்கடா! கல்யாணப் பந்தியில எல வாங்கத் தெரியாத மன்சன், அவுரு கேட்டுல ஆள் வச்சாராம்!"

சிலர் சிரித்துவிட்டார்கள். தலைவன் சிரிக்கவில்லை. நாங்கள் நெருங்குவதைக் கண்டு, "சொல்லு பெர்சு" என்றான்.

நான் சொன்னேன். காற்றோடு கலந்த என் பேச்சு பாதிதான் விளங்கியது. ஆகவே என்னோடு வந்த மென்பொருள் எழுதும் பெண்ணே தொடர்ந்தாள்: ரீஃபரை முன்னால் விடுவதற்குத் தான் செய்த மாற்றம், அழியாத அடையாளம், தவறாக அழைக்கப்பட்ட எண். 

"இதெல்லாம் நீ இப்ப மேல ஒக்காந்து ஜோடிச்சது இல்லன்னு எப்டி நம்பறது?" என்று தலைவன் கேட்டான். "ஏன் மாத்தினேன்னு எழுதி வெக்கணும்ல? எங்க வண்டில ஒரு நட்டு மாத்துனாலே எழுதுறோம்."

"எழுதணும்."

"அப்ப காட்டு."

அவள் காட்டினாள். மறைத்திருக்கலாம், மேலாளர் சொன்னதுபோல் வேறு தலைப்பில் மாட்டியிருக்கலாம். அவள் காட்டினாள். தலைவன் திரைக்குமேல் கையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக உரக்கப் படித்தான்: "கழிவறையில்... குழாய்... ஒழுகுகிறது."

ஒருவன் சிரித்தான். சிரிப்பு பின்வரிசை வரை பரவியது. "கக்கூஸ்ல குழாய் ஒழுவுச்சாம், அதனால இவன் வண்டி முன்னால போச்சாம்!" "ஒழுவுற தண்ணில மெதந்துகினு போச்சா?" சிரிப்பு எந்தக் கணத்தில் வேறொன்றாக மாறியது என்பதை என்னால் குறிப்பிட முடியவில்லை. "எங்கள இன்னான்னு நெனச்சிக்கினு கீறீங்க?" என்று ஒரு குரல் கிளம்பியது. அதனுடன் ஒரு ஜல்லிக்கல்லும் கிளம்பியது. அது அவள் நெற்றியின் ஓரத்தைக் கிழித்துச் சென்றது. மடிக்கணினி கீழே விழுந்தது, மிதித்தார்கள். நான் அவளை வண்டிச் சக்கரத்துக்கும் என் உடலுக்கும் இடையே தள்ளி மறைத்தேன். என் முதுகில் விழுந்தவை கைகளா கால்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருவன் கேனைத் தூக்கி, எஞ்சியிருந்த டீசலை வண்டியின் இருக்கைமேல் வீசினான். நெடி மூக்கைத் தாக்கியது. ஓட்டுநரின் மனைவி அவன்மேல் பாய்ந்தாள். இருவர் அவள் கூந்தலைப் பிடித்துத் தரையில் இழுத்தார்கள். கத்தி எங்கோ தெறித்தது. இருக்கும் மூச்சையெல்லாம் சேர்த்து, என் தோளுக்குக் கீழிருந்து அந்தப் பெண் கத்தினாள்:

"கேட்டு தொறந்ததும் பாருங்க! அது இன்னும் அப்படியேதான் இருக்கு! போன ட்ரிப்புல ரீஃபர் ஏத்தினவங்க யாரோ, அவங்களத்தான் அடுத்ததா கூப்பிடும்!"

அதைக் காதில் வாங்கிக்கொள்ள அங்கே எவரும் தயாராக இல்லை. ஆனால் கப்பல் நெடுநேரம் காத்திருக்காது. மேலாளருக்கு மேலே இருந்தவர்கள் நெருக்கியிருக்க வேண்டும். கேட்டின் மணி ஒலித்தது. இரும்புக் கதவு நகர்ந்தது. பலகையில் ஓர் எண் சிவப்பாக எரிந்தது.

அந்தச் சாலையில் நிற்கும் எவருக்கும் அந்த எண் மனப்பாடம். வரிசையின் நடுப்பகுதியில், எலுமிச்சையும் மிளகாயும் கட்டிய முகப்போடு நின்றிருந்த வண்டியின் எண். சங்கத் தலைவனின் எண்.

"தல" என்றான் பக்கத்தில் நின்றவன், மிகத் தாழ்ந்த குரலில். "உன்னுது."

தலைவன் பலகையைப் பார்த்தான். போன முறை அவன் ஏற்றியது ரீஃபர்தான் என்பது அப்போது அவன் முகத்திலேயே தெரிந்தது. வாயைத் திறந்தான். எம்.கே.பி. நகர்க்காரன் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் அவன் சொல்லியாக வேண்டும். வேறு வார்த்தை கிடையாது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

"நீயும் உள்ள ஆள் வச்சிகினியா தல?"

கேட்டவன், காலையில் விலாவில் மிதித்த அதே மனிதன். முதல் அடியும் அவனுடையதே. ஒரு தலைவனை அடிக்கும் கூட்டம் மற்றவனை அடிப்பதைவிடக் கடுமையாக அடிக்கும். அதுவரை பணிந்ததற்கும் சேர்த்து அடிக்கும். அவனுடைய ராடையே பிடுங்கி அவன் மணிக்கட்டில் இறக்கினார்கள். எலும்பு முறியும் ஓசை, காலையில் கேட்டதைப்போல் அன்றி, உலர்ந்ததாக இருந்தது. அவன் முழந்தாளிட்டு விழுந்தான். கையை உயர்த்தித் தடுக்கவுமில்லை. ஓட்டுநரின் மனைவி புழுதியிலிருந்து எழுந்து, "கண்ணுல போடு! கண்ணுலயே போடு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஒருவன் அவ்வாறே ஓங்கினான்.

"அவரும் எதுவும் பண்ணல!" என்று மென்பொருள் எழுதும் பெண் கதறினாள். "ரெண்டு பேருமே எதுவும் பண்ணல! நான்தான் பண்ணேன்!"

அவள் சொல்லால் அவர்கள் நின்றார்கள் என்று எழுத எனக்கு விருப்பம்தான். உண்மை அவ்வாறில்லை. அழைக்கப்பட்ட வண்டி வராததால் பலகை அடுத்த எண்ணுக்கு மாறியது. ராடை ஓங்கியிருந்தவனின் எண்.

அவன் அண்ணாந்து பார்த்தான். ராடு கையிலிருந்து நழுவியது. எவரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, இரு கைகளையும் விரித்து, "நான் இல்ல, நான் இல்ல மாமு, சத்தியமா தெரியாது" என்று பின்னால் நகர்ந்தான். அவன் அருகில் நின்றவர்கள் விலகினார்கள். ஒவ்வொருவரும் தன் முந்தைய பயணத்தில் எதை ஏற்றினோம் என்று எண்ணிப் பார்ப்பது வெளிப்படையாகத் தெரிந்தது. பலகையை மறுபடி பார்க்க எவருக்கும் துணிவில்லை. காவலாளி ஓடிப்போய் அதன் மின்தொடர்பைப் பிடுங்கினார்.

வண்டியைக் கொளுத்துவதைப்பற்றி அதன்பின் எவரும் பேசவில்லை. இருக்கையின் மேல் மணலைக் கொட்டி யாரோ துடைத்தார்கள்.

நெற்றியைத் துப்பட்டாவால் அழுத்திக்கொண்டு அவள் மாடிக்கு வந்தாள். அந்த மாற்றத்தை உடனே வெளியே எடுக்கும்படி இப்போது மேலாளரே கெஞ்சினார். எடுப்பதற்கும் ஒரு கிளை வேண்டும். கிளைக்கு ஒரு புகார் வேண்டும். "குழாயிலயே போட்டு எடும்மா, நேரமில்ல" என்றார். அவள் வேறொரு கணினியின் முன் அமர்ந்து புதிய புகாரைத் திறந்தாள். முந்தைய பயணத்தின் ரீஃபர் அடையாளம் அழியாததால் வண்டிகள் முறைதவறி அழைக்கப்படுகின்றன என்று தலைப்பிட்டாள். மாற்றத்தைக் கேட்டவர் என்ற இடத்தில் மேலாளரின் பெயர். எழுதியவர் என்ற இடத்தில் தன் பெயர். விளைவு என்ற இடத்தில், ஒருவருக்குக் கண் போயிற்று, ஒருவருக்குக் கை முறிந்தது என்று எழுதினாள். விசைப்பலகையில் குருதி சொட்டச் சொட்ட, ஒவ்வொரு சொல்லையும் எழுதிமுடித்த பின்னரே கிளையைத் தொட்டாள். மேலாளர் தம் பெயரை நீக்கச் சொன்னார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவுமில்லை.

அவளை வேலையிலிருந்து நீக்குவார்கள் என்று எதிர்பார்த்தோம். நீக்கவில்லை. அடிதடிக்குப் போலீசார் வழக்குப் பதிந்தார்கள்; விசாரணையில் அவள் எழுதிய புகார் தங்களுக்கும் உதவும் என்று நிர்வாகம் கணக்கிட்டிருக்கக்கூடும். அதற்குப் பின் மேலாளர் வாயால் எதைக் கேட்டாலும் அவள் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெளியே வண்டிகள் ஹார்ன் அடிக்கும். கப்பல்காரர்கள் தொலைபேசியில் கத்துவார்கள். அவர் தம் கையால் புகார் எழுதும்வரை அவள் கிளை பிரிப்பதில்லை.

ஓட்டுநரின் கண்ணைக் காப்பாற்ற இயலவில்லை. ஒற்றைக் கண்ணோடு கனரக வாகனம் ஓட்ட உரிமம் கிடையாது. வண்டி எரியாமல் தப்பியது, ஓட்டுபவன் தப்பவில்லை. நான் மருத்துவமனையில் அவன் கட்டிலருகே இருந்த நாளில், ஜாமீனில் வெளிவந்த சங்கத் தலைவன் மாவுக்கட்டுக் கையோடு அங்கே வந்தான். கை ஆறியதும் அந்த வண்டியைத் தானே ஓட்டித் தருவதாக ஓட்டுநரின் மனைவியிடம் சொன்னான்.

"அந்தக் கைய என் ஸ்டேரிங்ல வெச்சே, வெட்டிக் கூடைல போட்டுப்பேன்" என்றாள் அவள். கட்டிலில் கிடந்தவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் மீஞ்சூரிலிருந்து வேறொரு ஓட்டுநரை அமர்த்தினாள். வண்டி மறுபடியும் எங்கள் சாலைக்கு வந்த நாளில் கீழே இறங்கிப் போனேன். எம்.கே.பி. நகர்க்காரன் இடப்பக்கத்து இருக்கையில், கண்ணின்மேல் பஞ்சுக் கட்டோடு அமர்ந்து, புது ஓட்டுநரை ஏசிக்கொண்டிருந்தான். "லெப்ட்ல அணைக்காதடா! எனக்குத் தெரியாத பக்கமா பாத்தே அணைக்கறியே, வேணும்னே பண்றியா?"

வரிசை நகர்ந்தது. முறைப்படி, அவனுக்கு முன்னால் நின்றவை உள்ளே போனபின், பலகையில் அவன் எண் ஒளிர்ந்தது. புது ஓட்டுநர் கியரில் கைவைத்தான். எம்.கே.பி. நகர்க்காரன் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"எடுக்காத."

"அண்ணே, நம்ம நம்பருதான்."

"தெரியும். எடுக்காத."

பின்னால் ஹார்ன்கள் முழங்கின. நான் கைகாட்டினேன், காவலாளி கைகாட்டினார். அவன் வலது கண் பலகையில் பதிந்திருந்தது, பிடியைத் தளர்த்தவில்லை. வரிசையிலிருந்த ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து சாலையோரம் நின்றார்கள். எவரும் அவனைத் திட்டவில்லை.

சங்கத் தலைவன் அவர்களை விலக்கிக்கொண்டு வந்தான். வண்டியின் முன்னால் நட்டநடுவில் நின்று மேலே பார்த்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது, அன்றைய காலைக்குப் பின், எனக்குத் தெரிந்து அதுவே முதல்முறை. பிறகு அவன் திரும்பி, வண்டிக்குத் தன் முதுகைக் காட்டி, கேட்டை நோக்கி நடக்கத் தொடங்கினான். மாவுக்கட்டுக் கை மார்போடு கட்டப்பட்டிருந்தது; பம்பருக்கும் அவன் முதுகுக்கும் இடையே ஓராள் புகுமளவே இடைவெளி இருந்தது.

எம்.கே.பி. நகர்க்காரன் அந்த முதுகைச் சற்று நேரம் பார்த்தான். பிடித்திருந்த கையை விட்டான்.

"எடு" என்றான். "மெதுவா."